வலது கண்ணில் வெள்ளைப் பொடி

எனக்குக் கண் இரண்டு. வேலை செய்வது ஒன்று.

இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. டாக்டர்களே அதற்குச் சோம்பல் கண் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், நானாகத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கண்ணுக்கு ஆள் தெரியும், முகம் தெரியாது. பஸ் தெரியும், நம்பர் தெரியாது. சின்ன வயதில் நல்ல கண்ணைக் கட்டிப் போட்டு இதற்கு வேலை கொடுத்திருந்தால் சரியாகியிருக்குமாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டு, வலது கண்ணைக் கையால் மூடச் சொன்னார்கள். மூடினேன். எதிரே இருந்த எழுத்து அட்டை காணாமல் போய்விட்டது. அன்றுதான் எனக்கே தெரியும்.

அதிலிருந்து வலது கண்ணைப் பொத்திப் பொத்தித்தான் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போகிற வழியில் ஒரு சின்னக் கம்பெனி. பெயிண்டிலும் துணியிலும் கலக்கிற நானோ பொடிகள் செய்கிறோம். வெள்ளி, டைட்டானியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு என்று மூன்று வகை; கடைசி இரண்டையும் சுருக்கமாக டைட்டானியம், துத்தநாகம் என்போம். நான் லேப் இன்சார்ஜ். காலையில் கிழக்குத் தாம்பரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் வரை பொடியோடுதான் குடும்பம்.

நானோ என்றால் வேறொன்றுமில்லை, அவ்வளவு பொடிசு. ஆனால் அந்தப் பொடிசில்தான் வம்பு. கையில் வளையலாகக் கிடக்கிற வெள்ளி யாரையும் ஒன்றும் செய்யாது. அதே வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கிவிட்டால் குணமே மாறிவிடுகிறது. கிருமியைக் கொல்கிறது. அதற்காகத்தான் வாங்குகிறார்கள். கிருமியைக் கொல்கிற பொருள் நம்முடைய செல்லை மட்டும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுமா என்ன?

எங்களிடம் பொடி வாங்கிப் போன ஓர் ஆராய்ச்சி மாணவி ஒருநாள் சில படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். கருவிழியின் மேல்தோல் செல்களைச் சின்னத் தட்டில் வளர்த்து, எங்கள் பொடி கலந்த தண்ணீரை அவற்றின் மேல் விட்டிருக்கிறாள். டைட்டானியம் விட்ட தட்டில் செல்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. துத்தநாகம் விட்ட தட்டில் அளவு கூடக் கூடச் செல்கள் சுருங்கி, உருண்டு, தட்டை விட்டே பெயர்ந்து மிதந்தன.

“தட்டு வேற, கண்ணு வேற மேடம். கண்ணுல கண்ணீர் இருக்கு, இமை இருக்கு, கழுவித் தள்ளிடும். ஆனா எவ்வளவு பட்டா, எத்தனை நேரம் இருந்தா என்ன ஆகும்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து லேப் கதவருகே நின்று கத்த ஆரம்பித்தேன். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு ஈ எறும்பு உள்ளே வரக் கூடாது. சுற்றிலும் ரப்பர் வைத்து முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி அது. வேர்க்கும், காதுக்குப் பின்னால் வலிக்கும். வேர்த்தால் வேர்க்கட்டும், கண் போனால் நானா வாங்கித் தருவேன் என்பேன். எனக்குப் பின்னால் என்னைக் ‘கண்ணாடி மேடம்’ என்கிறார்கள் என்று தெரியும். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் அதிகம் திட்டியது ஹவுஸ்கீப்பிங் அக்காவைத்தான். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், கோவிலம்பாக்கத்துக்காரர். நான் சேர்ந்த வருடம்தான் அவரும் சேர்ந்தார். பன்னிரண்டு வருடமாக ஒரே வசனம்தான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு தரையைத் துடைப்பார். நான், “அக்கா, கண்ணு நெத்தியிலயா இருக்கு?” என்பேன். அவர், “தோ போட்டுக்கினேன் மேடம், ஒரே பேஜாரா கீது இது” என்று இறக்கிக்கொள்வார். நான் திரும்பியதும் அது மறுபடி மேலே ஏறிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை அன்று நடந்தது.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். கம்பெனியில் பெரும்பாலானவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். இதில் ஒரு தகராறும் வந்ததில்லை. பூஜையன்று பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வேன், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோவேன். லேப்பில் பூஜை ஏற்பாடு முழுக்க அந்த அக்காதான். முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மறுநாள் காலையில் மேஜை மேல் துணி விரித்து அடுக்குவார். எடை மெஷின், கலக்கி, கத்தரிக்கோல், ஸ்பேனர், நான் எழுதுகிற நோட்டு எல்லாம் ஏறிவிடும். அந்த வருடம் புதிதாக, லேப்பில் இருந்த பன்னிரண்டு பாதுகாப்புக் கண்ணாடிகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருந்தார்.

“இன்னா மேடம், எப்டி கீது? நீங்க சொம்மா கண்ணாடி கண்ணாடின்றீங்களே, அதான் சாமிகிட்டயே வச்சுட்டேன்” என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பூஜையில் வைத்த பொருளை அன்று எடுத்துப் புழங்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து வேலையைத் தொடங்குவார்கள். அது எனக்கும் தெரியும். அன்று வேலையும் இல்லை. கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பதினொரு மணிக்கெல்லாம் எல்லோரும் கீழே பொரிப் பொட்டலம் கட்டப் போய்விட்டார்கள். நானும் போயிருக்கலாம். சனியன் பிடித்த என் கண்ணுக்கு மூலையில் இருந்த பழைய அலமாரியின் மேல்தட்டு பட்டது. அதை யாருமே துடைக்கவில்லை. தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. எனக்குப் பொறுக்குமா?

துணியை எடுத்துக்கொண்டு ஸ்டூல் போட்டேன். பழக்கத்தில் கை கண்ணாடியைத் தேடியது. கண்ணாடி எல்லாம் மேஜை மேல், சந்தனப் பொட்டோடு, ஊதுபத்திப் புகையில். கையை நீட்டினேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

ஏன் இழுத்தேன் என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சாமி குற்றத்துக்குப் பயந்து இல்லை. ‘அவங்க வேதக்காரங்க, அதான் பூஜைல வச்சதை எடுத்துட்டாங்க’ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்றுதான். முக்கியமாக அந்த அக்கா. அத்தனை ஆசையாக அடுக்கிவைத்ததில் ஒன்றை உருவினால் அவர் முகம் வாடிவிடும் என்று பட்டது. தூசிதானே, பொடி வேலை இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். வேறு யாராவது இதே காரியம் செய்திருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன்.

மேல்தட்டில் கைவிட்டுத் தள்ளியதும் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா உருண்டு வந்தது. மூடி வெடித்திருந்தது. பிடிக்கப் போனேன். விரல் பட்டுக் கவிழ்ந்து, நேராக என் முகத்தில் கொட்டியது. வெள்ளைப் பொடி. இடது கண்ணில் விழுந்திருக்கக் கூடாதா? வலது கண்ணில் முழுசாக விழுந்தது.

எரிச்சல் கூட உடனே வரவில்லை. முதலில் மணல் மாதிரி உறுத்தியது. அடுத்த நொடி என் கை தானாகப் போய்க் கண்ணைக் கசக்கியது. கசக்காதே கசக்காதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்! கத்திக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கத்தல் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அந்த அக்கா.

“ஐயையோ, இன்னா மேடம் ஆச்சு? கண்ணக் காட்டுங்க, ஊதி வுடறேன்.”

எங்கள் பக்கத்தில் கண்ணில் தூசி விழுந்தால் முதல் வைத்தியம் ஊதுவதுதான். நான் அவரைத் தள்ளிவிட்டேன்.

“ஊதாதீங்க! தண்ணி, தண்ணி!”

கண் கழுவும் குழாய் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பக்கமும் தண்ணீர் மேலே பீய்ச்சும். அன்று அதையும் விடவில்லை; சாமந்திப் பூச்சரம் சுற்றி இறுகக் கட்டியிருந்தது. அக்கா ஒரே இழுப்பில் சரத்தைப் பிய்த்து எறிந்தார். என் தலையைப் பிடித்துக் குனிய வைத்து, இமையை இரண்டு விரலால் பிளந்து பிடித்துக்கொண்டார்.

கண் தண்ணீரைப் பார்த்ததும் மூடிக்கொள்ளத்தான் பார்க்கும். அவர் விரல் விடவில்லை. “போதும், விடுங்க” என்று நானே கத்தினேன். “பதினஞ்சு நிமிசம்னு நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க, இன்னும் நாலுகூட ஆவல” என்றார். “கொல்றீங்களே அக்கா” என்றேன். “திட்டுங்க, திட்டிக்கினே கண்ண மேல தூக்குங்க. இப்ப கீழ. இப்ப இந்தாண்ட” என்றார். பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறார் என்று நான் நினைத்த ஆள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் மேனேஜர் சார் டப்பாவைக் கையில் கொண்டு வந்தார். “என்ன பொடி மேடம் இது?” என்றார். லேபிளில் தேதி மட்டும்தான் மிச்சம் இருந்தது. பெயர் எழுதியிருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. தேதி என் கையெழுத்து. சாதாரணப் பேனாவில் எழுதியிருக்கிறேன். லேபிள் இல்லாத டப்பாவைக் கண்டால் பையன்களை லேப்பை விட்டே துரத்துகிறவள், என் சொந்த டப்பாவை அப்படி விட்டிருக்கிறேன். வெள்ளையாக இருந்ததால் வெள்ளி இல்லை. வெள்ளியைப் பொடித்தால் கறுத்துவிடும். மிச்சம் இரண்டு. ஒன்று டைட்டானியம், இல்லையென்றால் துத்தநாகம். அந்த மாணவி காட்டிய தட்டுகள் இரண்டும் மனக்கண்ணில் வந்து நின்றன.

மேனேஜர் காரை எடுத்தார். அக்காவும் பின் சீட்டில் என்னோடு ஏறிக்கொண்டார். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று தாம்பரம் போகிற ரோடு எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அன்று அப்படித்தான் போனேன். வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. இடது கண்ணால் ஜன்னல் வழியே பார்த்தேன். வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் பச்சைத் திட்டாக ஓடின. கடை போர்டு எல்லாம் நிறம் நிறமாக இருந்தன, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம்கூடத் தெரியவில்லை. இனிமேல் இவ்வளவுதானா என்று நினைத்தேன். படிக்க முடியாது, வேலை போகும், தனியாக ரோடு தாண்ட முடியாது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். மேனேஜரிடம் “பூசணிக்காய் மேல ஏத்தாம ஓட்டுங்க சார்” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் வளைத்து வளைத்து ஓட்டினார்.

தாம்பரத்தில் அந்தக் கண் ஆஸ்பத்திரியில் விடுமுறை நாளிலும் அவசரத்துக்கு ஒரு டாக்டர் இருந்தார். சின்னப் பெண். ஃபோனில் தகவல் கேட்டு என் கணவர் எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார். ஸ்கூல் வாத்தியார், அன்று லீவு. என்னைப் பார்த்ததும், “கண்ணாடி மேடம் கண்ணாடி போடலையா?” என்று கேட்டுவிட்டு, உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

டாக்டர் மரத்துப்போகிற மருந்து விட்டார். பிறகு காயத்தைக் காட்டுகிற சாயம் தோய்த்த ஓர் ஆரஞ்சு நிறத் தாளைக் கண்ணோரத்தில் தொட்டு, நீல விளக்கைப் போட்டுப் பார்த்தார். மேல் இமையைப் புரட்டினார். எனக்கு மெஷினில் தாடையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாத நிலை. இல்லையென்றால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

“இமைக்குள்ள ரெண்டு மூணு கட்டி ஒட்டியிருக்கு. எடுத்துடறேன்” என்றார். பஞ்சுக் குச்சியால் எடுத்தார். “கருவிழியில ஒரு சின்ன சிராய்ப்பு. அது பொடியால வந்த மாதிரி தெரியல. கசக்கினீங்களா?”

“கசக்கினேன்” என்றேன். மானம் போயிற்று.

“ரொம்ப நல்லா கழுவியிருக்கீங்க மேடம். யார் கழுவினது?”

கதவோரம் நின்ற அக்காவைக் கை காட்டினேன்.

நானோ என்று சொல்லி, துத்தநாகமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. “நானோ பொடி கண்ணுல பட்டா எப்படிப் போகும்னு எனக்கும் முழுசா தெரியாது. ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் கஷ்டம். இப்ப உள்ள எதுவும் இல்ல. மருந்து போடுங்க, நாளைக்குக் காலையில வாங்க. அப்பதான் சொல்ல முடியும்.”

நாளைக்கு என்ற அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் முழுக்கக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை வாசித்துக் காட்டினார். இரங்கல் விளம்பரம், வரி விளம்பரம் ஒன்றையும் விடவில்லை. போதும் என்று நான் கத்துவேன் என எதிர்பார்த்தார். நான் கத்தவில்லை என்றதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. இருவரும் ஜெபம் பண்ணினோம். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பஸ் நம்பர் தெரிந்தால் போதும் ஆண்டவரே என்றேன்.

காலையில் எழுந்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் பைபிள் வசனம் போட்ட காலண்டர். முதலில் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போலக் கலங்கியது. இரண்டு தடவை சிமிட்டினேன். தேதி தெரிந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். வசனம் தெரிந்தது. அதற்கும் கீழே, அடியில், எறும்பு அளவு எழுத்தில் அச்சகத்தின் பெயர். எத்தனையோ வருடமாக அந்தக் காலண்டர் வீட்டுக்கு வருகிறது. அச்சகத்தின் பெயரை அன்றுதான் படித்தேன். சத்தமாகப் படித்தேன். ஃபோன் நம்பரையும் விடாமல் படித்தேன். சமையலறையிலிருந்து ஓடி வந்த அவர் கையில் காபி டம்ளரோடு நின்று கேட்டார். பிறகு இரண்டு பேரும் அழுதோம். அழுதால் கண்ணுக்கு நல்லதுதான் என்று நான் சொன்னேன்.

சிராய்ப்பு மூடிவிட்டது என்று டாக்டர் அன்று காலையில் சொன்னார். ஒரு வாரம் கழித்துப் பார்த்துவிட்டுக் கருவிழி தெளிவாக இருக்கிறது என்றார். வெளியே வந்து ரோடு தாண்டுவதற்குள், வந்த பஸ் நம்பர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று முதல் காரியமாக அந்த டப்பாவை எடுத்தேன். துத்தநாகப் பொடியைச் சூடு பண்ணினால் மஞ்சளாகும், ஆறினால் மறுபடி வெள்ளையாகும். டைட்டானியம் அவ்வளவு பளிச்சென்று மாறாது. சின்னப் பீங்கான் கிண்ணத்தில் துளி போட்டு, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டுக்குள் வைத்துச் சூடேற்றினேன். நான் கண்ணாடி போட்டிருந்தேன். பக்கத்தில் அக்கா, அவரும் ஒழுங்காகக் கண்ணாடி போட்டிருந்தார். பொடி மெல்ல மஞ்சளாயிற்று. எலுமிச்சை மஞ்சள்.

“இன்னா மேடம், நல்லதா கெட்டதா?”

“கெட்டது” என்றேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். “அந்தப் பதினஞ்சு நிமிஷம் நீங்க விட்டிருந்தீங்கன்னா...”

அவர் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார், “ஏன் மேடம் அன்னிக்கு கண்ணாடி போடல?”

சொன்னேன். கையை நீட்டியது, இழுத்துக்கொண்டது, அவர் மனசு நோகும் என்று நினைத்தது, எல்லாம். அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“நல்லா கீது நாயம்! பன்னெண்டு வருசமா என்ன வாயில வந்தத திட்டறீங்க. இத ஒண்ணு கேக்கறதுக்கு பயந்துக்கினீங்களா? ஒரு கொரல் குடுத்திருந்தா நானே எடுத்துத் தந்திருப்பேனே. சாமி இன்னா, அந்தக் கண்ணாடியப் போட்டுக்கினா பாக்கப் போவுது?”

நான் திட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். “தப்புதான் அக்கா” என்றேன். “தப்பு இல்லாம?” என்று சொல்லிவிட்டுத் தரை துடைக்கப் போய்விட்டார். போகிற போக்கில் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டார். நான் பார்த்தேன், பார்த்ததும் அவரே இறக்கிக்கொண்டார்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு மேஜை மேல் பதினொரு கண்ணாடிதான் இருந்தது. குழாயில் பூச்சரம் இல்லை, பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. பன்னிரண்டாவது கண்ணாடியை அக்கா என் முகத்தில் மாட்டிவிட்டு, ரப்பர் பட்டையைத் தலைக்குப் பின்னால் சரிசெய்தார். சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்து நின்றார்.

“சாமி கும்புடறவங்களா, கும்புடாதவங்களான்றதெல்லாம் அப்புறம். இதுக்கும் ஒரு பொட்டு வைக்கணும். வைக்கலாமா மேடம்?” என்று கேட்டார்.

“வையுங்க” என்றேன்.

“கண்ண மூடிக்காதீங்க, நடுவுல ஃப்ரேம் மேலதான் வைப்பேன்.”

மூடவில்லை. சந்தனம் தொட்ட அந்த விரல், என் இமையைப் பிளந்து பிடித்த அதே விரல், கிட்டே வந்து கண்ணாடியில் படும் வரை வலது கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன்.